கடல்குதிரை தெளிவாக விழுந்தது

1967இல் வந்த சிங்கப்பூரின் முதல் வரிசைப் பத்துக் காசில் ஒரு கடல்குதிரை இருக்கும். அப்பா சேர்த்துவைத்த அந்தக் காசை மலிவான காம்பேக்ட் கேமராவில் எடுத்தால் வெறும் வெள்ளைப் பளபளப்புதான் விழுந்தது.

ஃபிளாஷை அணைத்தேன். பூப் படம் போட்ட மேக்ரோவுக்கு, அதாவது கிட்டத்தில் வைத்து எடுக்கும் முறைக்கு மாற்றி, ஜூமைத் தொடாமல் விட்டேன்; ஜூம் செய்தால் இந்த மாதிரிக் கேமராக்களில் கிட்டத்தில் ஃபோகஸ் கிடைப்பது கஷ்டம். ஆடாமல் இருக்கப் புத்தக அடுக்கும் இரண்டு விநாடி டைமரும் போதும்.

அப்புறம் வெளிச்சம். எல்லாமே அதில்தான் இருக்கிறது! வீட்டுச் சன்னலோரம், ஒளி பக்கவாட்டில் தாழ்வாக விழும்படி காசை வைத்ததும் கடல்குதிரையின் மேடுபள்ளங்கள் நிழலோடு எழுந்து நின்றன. புதுக் காசு கண்ணாடிபோல் மின்னும். அதற்கு ஒளியை மென்மையாக்கச் சன்னலுக்கும் காசுக்கும் இடையே டிரேசிங் பேப்பர் பிடிக்கிறேன். படத்துக்காகப் பழைய காசைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், தயவுசெய்து.