மீட்டரை மட்டும் பார்த்தால் போதாது: நிறைய ஓடிய சைடு-பை-சைடு வண்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

16,000 கிலோமீட்டர் ஓடிய கார் என்றால் இன்னும் புது வண்டி என்போம். அதே 16,000 ஒரு சைடு-பை-சைடின் (அருகருகே உட்கார்ந்து, காடுமேட்டில் ஓட்டுகிற நான்கு சக்கர வண்டி) மீட்டரில் இருந்தால், அது நன்றாகவே உழைத்துவிட்ட வண்டி. கல், மணல், சேறு, ஓடைத் தண்ணீர் என்று பாதையே இல்லாத இடங்களில் சேர்ந்த கிலோமீட்டர்கள் அவை. காரைப் பார்த்துக்கொள்கிற மாதிரியே இதையும் பார்த்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்தே கிளம்புகின்றன.

அதற்காக, நிறைய ஓடிய வண்டி என்றாலே பயப்பட வேண்டியதில்லை. முறையாகக் கவனித்த வண்டி 20,000 கிலோமீட்டரைத் தாண்டியும் தெம்பாக ஓடும். கவனிக்காமல் விட்டது 3,000-லேயே எஞ்சினைப் பிரிக்க வைத்துவிடும்.

கிலோமீட்டர் ஒரு கணக்கு, மணி இன்னொரு கணக்கு

பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரும் இருக்கிறது. அதை யாரும் கண்டுகொள்வதில்லை. 10,000 கிலோமீட்டரை 400 மணி நேரத்தில் ஓடிய வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். அதே தூரத்துக்கு 1,000 மணி நேரம் எடுத்திருந்தால் சராசரி 10 தான். இரண்டாவது வண்டி ஏகப்பட்ட நேரம் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டோ, சுமையோடு ஊர்ந்துகொண்டோ இருந்திருக்கிறது. அதன் ஆயிலும் ரேடியேட்டர் ஃபேனும் பட்ட பாடு கிலோமீட்டரில் தெரியாது. 200 மணி நேரத்தில் 10,000 ஓடியிருந்தால் கதை வேறு: யாரோ விரட்டி விரட்டி ஓட்டியிருக்கிறார்கள், முதலில் பார்க்க வேண்டியது சஸ்பென்ஷனை.

ஆயில் மாற்றும் கணக்கிலும் இதே சறுக்கல் நடக்கிறது. கையேட்டில் சாதாரண ஓட்டத்துக்கு ஓர் இடைவெளி போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே தூசி, சேறு, தண்ணீர், அதிகச் சுமை, குளிரில் குறுகிய ஓட்டம் ஆகியவற்றைக் கடும் பயன்பாடு என்று சொல்லி, இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். 'நம் ஓட்டம் சாதாரணம்தானே' என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். சாலையை விட்டு இறங்கி ஓடுகிற வண்டியில் சாதாரண ஓட்டம் என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. எழுதியிருக்கும் இடைவெளியில் பாதி என்று வைத்துக்கொள்வதே என் பழக்கம்.

இன்னொன்று. குளிரில் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதே வாடிக்கையானால், எஞ்சின் சரியாகச் சூடாகாமல் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருக்கும். ஆயில் குறையவில்லையே என்று சந்தோஷப்படாமல் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் உடனே மாற்ற வேண்டியதுதான்.

எஞ்சினைத் தின்பது தூசி

என்னைக் கேட்டால், இந்த வண்டிகளில் அகால மரணம் அடையும் எஞ்சின்களுக்கு முதல் காரணம் தூசிதான். மண்ணில் உள்ள சிலிக்கா, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி அரைத்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், தூசி உள்ளே போன பல வண்டிகளில் ஏர் ஃபில்டர் புதிதாகத்தான் இருக்கும்.

என் வண்டிக்கே அது நடந்தது. ஃபில்டரைத் தவறாமல் மாற்றினேன். ஒரு நாள் ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உள்ளே துடைத்தேன். துணியில் பழுப்பாக ஒரு கோடு. விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் நறநறவென்றது. குழாயின் வாயில் இருந்த கிளாம்ப் முறுக்கித்தான் இருந்தது, ஆனால் குழாய் ஒரு பக்கம் விளிம்பில் சரியாக உட்காரவில்லை. நகக்கண் நுழையும் இடைவெளி. அத்தனை தூசியும் ஃபில்டரைச் சுற்றிவிட்டு அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

ஆகவே ஃபில்டரின் முகத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்கு அந்தப் பக்கம், அதாவது சுத்தமான காற்று போகிற பக்கம், துடைத்துப் பாருங்கள். அங்கே துளி தூசியும் இருக்கக் கூடாது. ஃபில்டர் உட்காரும் விளிம்பில் மெலிதாகக் கிரீஸ் தடவினால் அடைப்பு இறுகும். தூசி எந்த இடத்தில் தாண்டியது என்பதையும் அந்தக் கிரீஸ் ஒட்டிக் காட்டிக்கொடுக்கும்.

காகித ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வது பலருக்கும் பழக்கம். அந்த அழுத்தத்தில் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வேலை செய்யாது. ஓட்டம் முடிந்து வந்ததும் ஒவ்வொரு தடவையும் கழற்றிப் பார்ப்பதும் நல்லதல்ல. கழற்றும்போதெல்லாம் கொஞ்சம் தூசி உள்ளே விழ வாய்ப்புண்டு. லேசாக அழுக்கேறிய காகித ஃபில்டர் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும், காற்றோட்டம் தடைபடும் அளவுக்கு அழுக்கு ஏறாதவரை. ஸ்பாஞ்ச் வகை என்றால் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஃபில்டர் ஆயில் போட்டே திரும்ப மாட்ட வேண்டும். ஆயில் இல்லாத ஸ்பாஞ்ச் வெறும் சல்லடை.

ஏற்கெனவே தூசி போயிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், எஞ்சினைச் சூடாக்கி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கலாம். ஃபில்டர் பெட்டிக்குள் எஞ்சின் ஆயில் தெறித்துக் கிடந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். பழைய ஆயிலைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் வசதி இருந்தால், மண் தூசியின் தடயமான சிலிக்கான் அளவைப் பாருங்கள். அது ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனால், எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது.

பெல்ட் அறுந்தால் பெல்ட்டைத் திட்டுகிறோம்

போலாரிஸ் ஆர்இசட்ஆர், கேன்-ஆம் மேவரிக் போன்ற பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு முன்னால் சிவிடி என்கிற தானியங்கி அமைப்பு இருக்கிறது: புல்லி வடிவில் இரண்டு கிளட்ச், நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். ஹோண்டா டாலன், யமஹா ஒய்எக்ஸ்இசட் போன்ற சிலவற்றில் பெல்ட்டே கிடையாது. அவற்றை வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

பெல்ட்டின் எதிரி சூடு. சூடு வருவது வழுக்கலால். மெதுவாக ஊரும்போது முன் கிளட்ச் பெல்ட்டை முழுதாகக் கவ்வுவதில்லை. அந்த நிலையில் ஹை கியரிலேயே பாறை மேல் ஏற்றினாலோ, சேற்றில் உறுமினாலோ, சுமை இழுத்தாலோ பெல்ட் வழுக்கி ஒரே இடத்தில் கருகும். 'எஞ்சின்தான் இழுக்கிறதே, லோ எதற்கு?' என்று கேட்பார்கள். எஞ்சின் இழுக்கும், அதில் சந்தேகமில்லை. லோ கியர் இருப்பது பெல்ட்டுக்காக. மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வாக்கில் ஊர வேண்டியிருந்தால், யோசிக்காமல் லோ போட்டுவிடுங்கள். வண்டியை முழுக்க நிறுத்தி, எஞ்சின் வேகம் அடங்கிய பிறகு மாற்றுங்கள். கரகரவென்று சத்தம் வர வர மாற்றினால் தேய்வது கியரின் பல்.

பெல்ட் அறுந்த பிறகு நடப்பது இன்னும் மோசம். பழையதை உருவிப் போட்டு, புதியதை மாட்டி, பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவோம். அறுந்த பெல்ட்டின் நூலிழைகள் முன் கிளட்ச்சுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது பக்கத்தில் இருக்கும் ஆயில் சீலை அறுத்தால், அடுத்த ஓட்டத்தில் பெல்ட் பெட்டிக்குள் ஆயில் கசியும். பெட்டியின் காற்றுக் குழாயில் ரப்பர்த் துண்டுகள் அடைத்திருந்தால் புது பெல்ட்டும் சூட்டில் போகும். எனவே மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, கிளட்ச்சுக்குப் பின்னால் கையை விட்டு இழைகளை எல்லாம் உருவி எடுங்கள். புல்லிகளின் முகத்தில் கறுப்பாக ஒட்டியிருக்கும் ரப்பரைத் துடைத்து எடுங்கள். பெல்ட் மேல் இருக்கும் அம்புக்குறி சுழலும் திசையைப் பார்த்து இருக்கட்டும். புது பெல்ட் போட்ட முதல் 80 கிலோமீட்டர் வாக்கில் முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம்.

அடிக்கடி பெல்ட் போகிறதா? அப்படியானால் குற்றவாளி அநேகமாகக் கிளட்ச். நிறைய ஓடிய வண்டியில் முன் கிளட்ச்சின் உருளைகள், எடைகள், புஷ்கள் எல்லாம் தேய்ந்திருக்கும். பெல்ட்டை நேராகப் பிடிக்காது. மூன்று பெல்ட் வாங்குகிற காசை ஒரு தடவை கிளட்ச் சர்வீஸுக்குக் கொடுப்பது மேல்.

கழுவுவதும் ஒரு கலைதான்

சேற்றில் புரண்டு வந்த வண்டியை ஹை பிரஷர் பம்ப்பால் கழுவுவது மனசுக்கு நிறைவான வேலை. ஆனால் அந்தத் தண்ணீர், வீல் பேரிங் சீலைத் தாண்டி உள்ளே போகும். வயர் கனெக்டர்களுக்குள் புகும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். ரேடியேட்டரை முன்னாலிருந்து அடித்தால் சேறு இன்னும் உள்ளேதான் இறுகும். முன்பக்கம் பளபளவென்று இருக்கும், நடுவில் செங்கல் மாதிரி காய்ந்து கிடக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீர் விட்டு, பொறுமையாக ஊறவைத்துக் கழுவுங்கள்.

தண்ணீருக்குள் இறக்கி ஏற்றிய வண்டியில் கியர்பாக்ஸ், டிஃப்ரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஆயில்களைப் பார்க்காமல் விடக் கூடாது. ஓடிச் சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த உறிஞ்சலில், கிடைக்கிற வழியில் தண்ணீர் உள்ளே வரும், அது ஆயில் சீலாக இருந்தாலும் சரி, விட்டுப்போன காற்றுக் குழாயாக இருந்தாலும் சரி. ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். மாற்றும்போது, எந்தப் பெட்டிக்கு எந்த ஆயில் என்பதில் கவனம். போலாரிஸ் முன் டிஃப்ரன்ஷியலுக்குத் தனி ஆயில் உண்டு. 'எல்லாம் கியர் ஆயில்தானே' என்று கெட்டியானதை ஊற்றினால், உள்ளே இருக்கும் உருளைகள் சரியாகப் பிடிக்காமல், வேண்டிய நேரத்தில் முன் சக்கரம் இழுக்காமல் போகலாம்.

ஆட்டம் தெரியாமலே பழகிப்போவது

தினமும் ஓட்டுகிறவருக்கு ஸ்டீயரிங் தளர்வு தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் கை பழகிவிடும். வேறொருவர் ஓட்டினால் முதல் வளைவிலேயே சொல்லிவிடுவார். மாதம் ஒரு தடவை ஜாக்கி வைத்துச் சக்கரங்களைத் தூக்குங்கள். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் வீல் பேரிங்கிலோ, சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்டிலோ (பந்து மூட்டு) இருக்கும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் வந்தால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையைப் பாருங்கள். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் குனிந்து எந்த மூட்டு அசைகிறது என்று பார்த்தால் குழப்பமே இல்லை. பால் ஜாயின்டை மட்டும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அது கழன்றால் ஓட்டத்தின் நடுவிலேயே சக்கரம் மடிந்து விழும்.

ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருந்தால், கிரீஸ் வெளியே தெறித்த கோடு சக்கரத்தின் உள்பக்கம் தெரியும். அப்போதே மாற்றினால் பூட்டோடு போகும், விட்டால் ஆக்ஸிலே போகும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் அடியிலிருந்து உறுமல் வந்தால் டிரைவ் ஷாஃப்ட்டைத் தாங்கும் நடு பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். பெரிய டயர் போட்டவர்கள் இதையெல்லாம் இன்னும் சீக்கிரமாகவே பார்க்க வேண்டியிருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். சேற்றில் பிரேக் பேட் நம்ப முடியாத வேகத்தில் கரையும். டேஷ்போர்டில் சம்பந்தமே இல்லாமல் பிழைக் குறிகள் வந்தால், சென்ஸார் வாங்குவதற்கு முன் பேட்டரியையும் எர்த் வயரையும் பாருங்கள். பேட்டரி தளர்ந்தால் பவர் ஸ்டீயரிங்கே முரண்டு பிடிக்கும். ஃபிரேமில் வெல்டிங் பக்கத்தில் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம்.

சத்தம் போடாத வால்வு

டேப்பட் சத்தம் (வால்வின் டிக்டிக் ஒலி) கேட்டால் உடனே மெக்கானிக்கிடம் ஓடுவோம். சத்தம் கேட்கவில்லை என்றால் நிம்மதியாக இருந்துவிடுவோம். உண்மையில் பயப்பட வேண்டியது இரண்டாவதற்குத்தான். வால்வு அதன் இருக்கையில் தேயத் தேய மேலே ஏறி, அதற்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி குறைந்துகொண்டே போகும். இடைவெளி குறைந்தால் சத்தமும் குறையும். கடைசியில் வால்வு முழுக்க மூடாமல், கம்ப்ரஷன் கசிந்து, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். கையேட்டில் சொல்லியிருக்கும் மணிக் கணக்கில் இடைவெளியை அளந்து பார்த்து, எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரு தடவை அளந்த எண்ணைவிட, இரண்டு தடவைக்கு நடுவில் எவ்வளவு குறைந்தது என்பதே முக்கியம்.

நிறைய ஓடிய வண்டியை வாங்கப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. நீங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே விற்பவர் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், இறுகிய வால்வும் தேய்ந்த ரிங்கும் ஸ்டார்ட்டில் தங்களைக் காட்டிக்கொள்ளாமல் போகலாம். பேச்சைத் தொடங்கும் முன் எஞ்சினில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.