சிறுத்தை போட்டோ: எடுக்கும்போதும் எடுத்த பிறகும் பார்க்க வேண்டியது

இலங்கையில யால காட்டுக்கு சஃபாரி போறவங்களுக்கு ஒரு விஷயம். அங்க சிறுத்தை பல நேரம் மரத்து மேலயோ பாறை மேலயோ படுத்திருக்கும், மரத்துல இருந்தா பின்னாடி பளிச்சுனு வானம் வரும், கேமரா ஏமாந்துபோய் முகத்தை கருப்பாக்கிடும், அதனால எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தோட வெளிச்சத்தை நாமளே கூட்டிக் குறைக்கிற செட்டிங்) பிளஸ் 1 வச்சிக்கோங்க, இருட்டான புதருக்கு முன்னாடி வெயில்ல நின்னா நேர்மாறா மைனஸ் 0.7, இல்லன்னா அந்த மஞ்சள் முடி வெளுத்துப் போயிடும். ஃபோகஸ் நமக்குக் கிட்ட இருக்கிற கண்ணுல. டிரைவர்கிட்ட எஞ்சினை ஆஃப் பண்ணச் சொல்லிடுங்க, அந்த அதிர்வுலயே 400 எம்எம் மாதிரி தூரத்தைக் கிட்ட காட்டுற லென்ஸ்ல படம் ஆடிடும், ஜீப் கம்பியில பீன் பேக் (கேமராவைத் தாங்குற மெத்துனு இருக்கிற சின்னப் பை) வச்சா இன்னும் நல்லது.

அப்புறம் படத்தை அலசும்போது கண்ணுல வெளிச்சப் புள்ளி இருக்கா, மீசை முடி ஒவ்வொண்ணா தெரியுதா, தொங்குற வால் நுனி வெட்டுப்பட்டிருக்கான்னு பாருங்க. முகம் மட்டும்னா தைரியமா டைட்டா, ஃபிரேம் நிறைய வைங்க, பாதி வால்தான் ரொம்ப உறுத்தும். காதுக்குப் பின்னாடி கிளை நீட்டிக்கிட்டு இருந்தா ஜீப்பை கொஞ்சம் நகர்த்தச் சொல்லலாம், ஆனா சிறுத்தை எழுந்து நம்மளையே முறைச்சா கேமராவை இறக்கிட்டு விலகிடுங்க, தயவுசெஞ்சு பின்னாடியே துரத்தாதீங்க.