பேகன்களைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

‘பேகன்’ (pagan) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் பொருள் ‘அஞ்ஞானி’. தமிழ் பைபிளிலும் இந்தச் சொல்லைப் பார்க்கலாம். அறிவில்லாதவன் என்று பெயர் வைத்துவிட்டு அவன் என்ன நம்புகிறான் என்று விசாரிக்கப் போனால் எப்படி விளங்கும்? தவறு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது.

லத்தீனில் ‘பாகானுஸ்’ என்றால் நாட்டுப்புறத்தான். பட்டிக்காட்டான் என்று நாம் சொல்வதுபோல. 4-ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசில் கிறிஸ்தவம் வலுவடைந்தபோது, மதம் மாறாத எல்லோருக்கும் இந்தச் சொல்லைப் பொதுப்பெயராக ஒட்டினார்கள். ரோமர்களின் தலைமைத் தெய்வம் யூபிட்டருக்குப் பலி கொடுத்தவரும், எகிப்தின் ஐசிஸ் தேவியை வணங்கியவரும், ஊர் ஓடைக்கரையில் விளக்கு வைத்தவரும் ஒரே பட்டியலில் விழுந்தார்கள். தாங்கள் அனைவரும் ஒரு மதம் என்று அவர்களில் யாரும் கனவிலும் நினைத்ததில்லை.

அந்தப் பட்டியல் நம் ஊர் வரைக்கும் வந்தது. 1713-ல் தரங்கம்பாடி அச்சகத்தில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சிட்ட தொடக்ககாலத் தமிழ்ச் சிறுநூல்களில் ஒன்றின் பெயர் ‘அக்கியானம்’, அதாவது அஞ்ஞானம். புறச்சமயம் எவ்வளவு அருவருப்பானது, அதில் இருப்பவர்கள் எப்படிக் கரையேறலாம் என்பதுதான் அதன் பொருள். நம் முன்னோர்மீது ஒட்டப்பட்ட சீட்டை நாமே எடுத்து இன்னொருவர் முதுகில் ஒட்டுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் இன்று நிலைமை வேறு. வசைச்சொல்லாக இருந்ததைத் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 74,000 பேர் தங்கள் மதம் ‘பேகன்’ என்று எழுதினார்கள். இன்னும் 13,000 பேர் பேகன் மரபுகளில் ஒன்றான ‘விக்கா’ என்று தனியாகவே எழுதினார்கள். இனி இந்தக் கட்டுரையில் பேகன் என்றால் இப்படித் தாமாக விரும்பி ஏற்றவர்கள்தான்.

இவர்களையும் ஒரே மதமாக நினைத்துவிடக் கூடாது. விக்கா வேறு, பழைய கெல்டியப் பூசாரிகளான ட்ரூயிட்களின் பெயரால் வழங்கும் ட்ரூயிட் நெறி வேறு. பழைய வட ஐரோப்பியத் தெய்வங்களை வணங்கும் ஐஸ்லாந்தின் ஆசாத்ரு, கிறிஸ்தவத்துக்கு முந்தைய மரபைப் பின்பற்றும் லிதுவேனியாவின் ரொமுவா, பழைய கிரேக்கத் தெய்வங்களை வணங்கும் ஹெலனிய மதம் எல்லாம் தனித்தனி. பொதுவான வேதநூல் இல்லை, தலைமைப்பீடம் இல்லை. தெய்வங்கள் பல என்பவர் உண்டு. எல்லாத் தெய்வமும் ஒரே சக்தியின் முகங்கள் என்பவரும் உண்டு. தெய்வம் என்பது இயற்கைக்கு மனிதன் சூட்டிய பெயர் என்று சொல்லிவிட்டு, அதே சடங்கு வட்டத்தில் நின்று அதே பாட்டைப் பாடுகிறவரும் உண்டு.

இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். ‘நீங்கள் என்ன நம்புகிறீர்கள்?’ என்று முதலில் கேட்பதே பெரும்பாலும் பொருந்தாத கேள்வி. விசுவாச அறிக்கை, அதாவது நம்ப வேண்டியவற்றின் பட்டியல், உள்ள மதங்களைப் பார்த்துப் பழகிய கேள்வி அது. பேகன்களில் பலருக்கு என்ன நம்புகிறோம் என்பதைவிட என்ன செய்கிறோம், எந்த நாளில் செய்கிறோம், யாரோடு சேர்ந்து செய்கிறோம் என்பதுதான் முக்கியம். ஐஸ்லாந்தில் ஆசாத்ரு சங்கம் 1972-ல் தொடங்கி, மறு ஆண்டே அரசு அங்கீகாரம் பெற்றது. அவர்களுடைய சடங்குக்கு ‘ப்ளோட்’ என்று பெயர். பழங்காலத்தில் அந்தச் சொல் உயிர்ப்பலியைக் குறித்தது. இந்தச் சங்கம் பலி கொடுப்பதில்லை. திறந்தவெளியில் நெருப்பு மூட்டி, ‘எட்டா’ எனப்படும் பழைய ஐஸ்லாந்துத் தெய்வக்கதைப் பாடல்களைச் சொல்லி, ஒரு கொம்பில் பானம் ஊற்றிக் கைமாற்றுகிறார்கள். கொம்பு தன் கைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் ஒரு தெய்வத்துக்கோ, முன்னோருக்கோ, அந்த மண்ணின் காவல் ஆவிகளுக்கோ வாழ்த்துச் சொல்லிக் குடிக்கிறார்கள். அப்புறம் எல்லோருமாக உட்கார்ந்து விருந்து. ஒற்றைக்கண் தெய்வமான ஓடின் எட்டுக்கால் குதிரையில் வருவது நிஜமா என்று அங்கே யாரும் தேர்வு வைப்பதில்லை.

சரி, சாத்தான் விஷயம். இதுதான் மிகப் பழைய அவதூறு. சாத்தான் கிறிஸ்தவக் கதையில் வரும் பாத்திரம். அந்தக் கதையையே ஏற்காதவர்கள் அவனை எப்படி வணங்குவார்கள்? விக்காவில் ஒரு தேவியும் கொம்புள்ள ஒரு தெய்வமும் உண்டு. கொம்பு என்றதும் சாத்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தக் கொம்பு பெரும்பாலும் கலைமானுடையது. காட்டுக்கும் வேட்டைக்கும் உரிய தெய்வம் அது, ஆண்டுதோறும் இறந்து மறுபடி பிறப்பது. சாத்தான் சபை என்ற பெயரில் 1966-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய அமைப்புக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. விக்காவினரின் சின்னமான, வட்டத்துக்குள் இருக்கும் ஐந்துமுனை நட்சத்திரத்துக்கும் சாத்தானோடு தொடர்பில்லை: நிலம், நீர், தீ, காற்று, ஆன்மா என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் 2005-ல் கொல்லப்பட்ட, விக்கா மரபைச் சேர்ந்த ஓர் அமெரிக்கப் போர்வீரரின் நினைவுப் பலகையில் அந்தச் சின்னத்தைப் பொறிக்க அரசு அனுமதிக்கவில்லை. அவர் மனைவி விடாமல் போராடினார். 2007-ல்தான் அது அரசு ஏற்ற சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். விக்காவினர் தங்களை ‘விட்ச்’ என்று சொல்லிக்கொள்வதை ‘சூனியக்காரி’ என்று மொழிபெயர்க்காதீர்கள். நம் காதில் அந்தச் சொல் விழுந்தவுடன் செய்வினை, பில்லி, ஏவல் எல்லாம் கூடவே வந்துவிடும். அவர்களிடம் மந்திரச் சடங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘எவருக்கும் தீங்கு இல்லையெனில் விரும்பியதைச் செய்’ என்பது அவர்களுடைய அறநெறி. விட்ச் என்றே எழுதிவிடலாம்.

அடுத்த தவறு, பேகன்களை விரும்புகிறவர்கள் செய்வது: இதெல்லாம் கற்காலத்திலிருந்து அறுபடாமல் வந்தது என்று சொல்வது. விக்காவை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர். 1884-ல் பிறந்த ஆங்கிலேயர். 1900-ல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகியவர். பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டம், சுங்கத்துறை என்று காலம் தள்ளி 1936-ல் ஓய்வுபெற்றார். ‘கிரிஸ்’ எனப்படும் மலாய்க் குத்துவாள்களைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். இங்கிலாந்தின் பழைய சூனியத் தடைச் சட்டம் 1951-ல் நீங்கியது. 1954-ல் விக்கா பற்றிய அவர் நூல் வெளிவந்தது. ஒரு பழைய ரகசியக் குழுவிடம் தீட்சை பெற்றதாக அவர் சொன்னார். சடங்குப் பாடல்களில் பெரும்பகுதியை டோரீன் வாலியன்ட் என்ற பெண்மணி திருத்தி எழுதினார். அவர்கள் கொண்டாடும் எட்டு ஆண்டு விழாக்களும் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதிகளின் பழைய ‘கேலிக்’ விழாக்கள் நான்கோடு சூரியனின் நான்கு திருப்புநாள்களை (மிக நீண்ட பகல், மிகக் குறுகிய பகல், பகலும் இரவும் சமமாகும் இரு நாள்கள்) சேர்த்து 20-ஆம் நூற்றாண்டில் கோத்ததுதான். இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை ட்ரூயிட்கள் கட்டினார்கள் என்பதும் பிழை. வரலாற்றில் ட்ரூயிட்கள் பேசப்படுவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே அந்தக் கற்கள் நின்றுகொண்டிருந்தன. எரிக்கப்பட்ட தொண்ணூறு லட்சம் பேகன் பெண்கள் என்ற கணக்கும் கற்பனை. ஐரோப்பாவில் சூனியக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேர் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அந்த எண்ணிக்கையே நெஞ்சை உலுக்கப் போதும். புதிது என்பதால் ஒரு வழிபாடு பொய்யாகிவிடாது. பழசு என்று பொய் சொன்னால்தான் அதற்கு இழுக்கு.

‘ரூன்’ எனப்படும் பழைய வட ஐரோப்பிய எழுத்தைப் பச்சை குத்தியவர் எல்லோரும் இனவெறியர் என்பதும் அநியாயம். நாஜிகள் அந்த எழுத்துகளைப் பறித்துக்கொண்டார்கள், இன்றும் சில குழுக்கள் அதே வழியில் போகின்றன, உண்மைதான். அதை எதிர்த்து 2016-ல் ஆசாத்ரு போன்ற வட ஐரோப்பிய மரபினரின் பல அமைப்புகள் ‘127-ஆம் பிரகடனம்’ என்ற ஒன்றில் கையெழுத்திட்டன. எட்டா பாடல்களில் ‘தீமையைக் கண்டால் தீமை என்று சொல்’ என்னும் செய்யுளின் எண் அது.

‘அப்படியானால் நம் குலதெய்வ வழிபாடும் பேகனிசம்தானே?’ என்று சிலர் உற்சாகமாகக் கேட்கிறார்கள். ஒற்றுமைகள் எனக்கும் தெரிகின்றன. ஆனாலும் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறவர் தன்னை அப்படி அழைத்துக்கொள்ளாதபோது, வெளியிலிருந்து பெயர் சூட்ட நாம் யார்? ரோமில் நடந்ததும் அதுதானே.

லண்டனில் உங்களோடு வேலை செய்யும் ஒருவர் ‘நான் பேகன்’ என்றால், எந்த மரபு என்று கேளுங்கள். அடுத்து, அக்டோபர் 31 அன்று வரும் விழாவுக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எழுத்துக்கூட்டினால் சம்ஹெய்ன் என்று வரும், சொல்லும்போது ‘சாவின்’. சில வீடுகளில் அன்று இரவு உணவு மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். இறந்துபோன பாட்டிக்கோ அப்பாவுக்கோ பிடித்ததை அதில் பரிமாறி, பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, யாரும் பேசாமல் சாப்பிட்டு முடிப்பார்கள்.