உப்புக்காத்து அடிக்கிற டிப்போவுல "வேஸ்ட்ட குறைங்க"ன்னு டார்கெட் வந்தா எங்க ஆரம்பிக்கணும்

மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி, கீழக்கரைன்னு ராம்நாடு கடற்கரை ஓரமா வண்டி ஓட்டுற பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனியில டிப்போ பாக்குறவங்களுக்காக இத எழுதுறேன். நான் பத்து வருசத்துக்கு மேல லாரி ஷெட்டுல மெயின்டனன்ஸ் பாத்தவன். ஹெட் ஆபீஸ்ல இருந்து மெயில் வரும், இந்த வருசம் வேஸ்ட் இவ்வளவு குறையணும், தண்ணி இவ்வளவு மிச்சம் பண்ணணும்னு, மேல சர்க்குலர் எகானமின்னு, அதாவது எதையும் தூக்கிப் போடாம திரும்பத் திரும்பப் பயன்படுத்துறதுன்னு தலைப்பு போட்டு. அத பிரின்ட் எடுத்து செவுத்துல ஒட்டுறதோட நிறைய டிப்போவுல கதை முடிஞ்சிருது. நீங்க ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு தராசு வாங்குங்க.

செட்டுக்குப் பின்னாடி குமிஞ்சு கெடக்குற பழைய சாமான காயலாங்கடைக்காரர் வந்து மொத்தமா ரேட் பேசி அள்ளிட்டுப் போவாரு, நாங்களும் வருசக்கணக்கா அப்படித்தான் குடுத்துட்டு இருந்தோம். ஒரு தடவ எல்லாத்தையும் பிரிச்சு எடை போட்டப்பதான் வயிறு எரிஞ்சுச்சு, ரீட்ரேட் போடவேண்டிய, அதாவது தேஞ்ச மேல்பக்கத்துல புது ரப்பர் ஒட்டி ஓட்டவேண்டிய டயரு, ரெண்டு பட்டை மட்டும் முறிஞ்ச ஸ்பிரிங் செட்டு, லைனிங் மாத்தினா ஓடுற பிரேக் ஷூ எல்லாம் இரும்பு வெலையில போயிட்டு இருந்திருக்கு. அதனால இரும்பு, அலுமினியம், டயர், பேட்டரி, ஆயில், ஃபில்டர்னு தனித்தனியா வச்சு மூணு மாசம் எடை எழுதுங்க, மாசக் கணக்கா இல்லாம 1000 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு எத்தன கிலோ, எத்தன லிட்டர்னு போடுங்க. ஏன்னா நம்ம பக்கம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீன் வண்டியில பாதி நின்னுரும், மாசக் கணக்கப் பாத்தா வேஸ்ட் தானா குறைஞ்ச மாதிரி தெரியும், ஜூலையில மறுபடி ஏறும்.

அடுத்து டயர், அதிகமா காசு நிக்கிறது இங்கதான். புது லாரி டயர் ஒண்ணு செய்ய சுமார் 83 லிட்டர் எண்ணெய், ரீட்ரேட் போட சுமார் 26 லிட்டர்னு டயர்காரங்க வழக்கமா ஒரு கணக்கு சொல்லுவாங்க. ஆனா கேசிங், அதாவது மேல் ரப்பருக்கு அடியில இருக்குற டயரோட உடம்பு, நல்லா இருந்தாத்தான் ரீட்ரேட் நிக்கும். பட்டன் மொழுக்குன்னு தேயுற வரைக்கும் ஓட்டி, கம்பி தெரிஞ்சப்பறம் கழட்டினா அது குப்பதான், 3, 4 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே கழட்டிருங்க. டயர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு காலையில வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, டயர் சூடாகுறதுக்குள்ள கேஜ் வச்சுப் பாக்கணும், சுத்தியலால தட்டிப் பாத்து "சரியாத்தான்ணே இருக்கு"ன்னு சொல்றத ஒத்துக்காதீங்க. எங்க டிரைவர் ஒருத்தர் அப்படிச் சொன்ன உள்பக்க டயர்ல கேஜ் வச்சா பாதிக் காத்துகூட இல்ல, ஜோடி டயர்ல வெளிய இருக்குறது தாங்கிக்கிட்டதால அவருக்குத் தெரியல, கழட்டிப் பாத்தா சைடு முழுக்க உள்ள தூள் தூளா உதிர்ந்து கெடந்துச்சு. அந்த கேசிங் போச்சு. ரீட்ரேட் போட்டத பின்னாடி மாட்டுங்க, முன் வீலுக்கு வேணாம்.

இப்ப ஆயில். நம்ம ஊர்ல ஒரு பழக்கம் இருக்கு, துரு ஏறாம இருக்க பழைய இன்ஜின் ஆயில சேசிஸ் அடியில ஸ்பிரே அடிக்கிறது. தயவுசெஞ்சு நிப்பாட்டுங்க. அதுல மண்ணு ஒட்டும், புஷ், ஹோஸ் மாதிரி ரப்பர் சாமான் ஊதிப்போகும், மிச்சம் சொட்டி மணல்ல எறங்கி கெணத்துக்கும் கடலுக்கும் போகும், எதிர்ல இருக்குறது 21 தீவு உள்ள மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, அத நெனச்சா எனக்கு மனசே ஆறாது. ஆயில மூடி போட்ட தனி டிரம்ல, சிமெண்ட் தரையில, நெழல்ல வைங்க, கூலன்ட், டீசல், தண்ணி எதையும் கலக்காதீங்க, கலந்துட்டா திரும்ப சுத்திகரிக்கிறது ரொம்ப செரமம். 2016 அபாயக் கழிவு விதிப்படி 90 நாளுக்கு மேல வச்சிருக்கக் கூடாது, அனுமதி உள்ளவங்ககிட்டதான் குடுக்கணும், கழிவு யார்கிட்ட இருந்து யாருக்குப் போகுதுன்னு காட்டுற ஃபார்ம் 10 போட்டு, காப்பிய ஃபைல் பண்ணணும். பேட்டரிக்கு 2022ல வந்த தனி விதி இருக்கு, புதுசு வாங்குற எடத்துலயே பழச ரசீதோட திருப்பிக் குடுத்துருங்க.

அப்ப துருவுக்கு என்ன செய்யுறதுன்னு கேப்பீங்க. தடைக்காலத்துல மீன் வண்டி நிக்கும்போது ஒவ்வொண்ணா ஏத்தி, துருவ சுரண்டி, ரெட் ஆக்சைடு அடிச்சு, மேல அண்டர்பாடி கோட்டிங் போடுங்க. மத்த நாள்ல உப்பு தங்காம பாத்துக்கிட்டா போதும். ஐஸ் தண்ணி ஒழுகுற மீன் வண்டிக்கு ஒரு டிரேயும் ஹோஸும் மாட்டி கேன்ல புடிங்க, ரோட்டுலயும் சேசிஸ்லயும் சொட்டாது. வாலிநோக்கம் பக்கம் உப்பு லோடு அடிச்ச வண்டிய நேரா தண்ணி விட்டுக் கழுவாதீங்க, தென்னவாரியல் எடுத்து காஞ்ச நெலையிலயே மூலைமுடுக்கு, கொண்டி இடுக்கெல்லாம் கூட்டித் தள்ளிட்டு அப்பறம் அடிங்க, எங்களுக்கு ஒரு வண்டிக்கு ஆகுற தண்ணி பாதிக்குப் பாதி கொறஞ்சுச்சு. காவிரி கூட்டுக் குடிநீர் எப்ப வரும்னு குடத்தோட பொம்பளைங்க காத்துக்கிட்டு இருக்குற ஊர்ல லாரிக்கு நல்ல தண்ணிய ஊத்துறது எனக்கு மனசு வரல. கழுவுற எடத்துல சரிவு வச்சு, ரெண்டு தொட்டி கட்டி, ஒண்ணுல மண்ணு அடங்கவும் ஆயில் மெதந்து வழிச்செடுக்கவும் விட்டு, ரெண்டாவதுல இருக்குற தண்ணிய டயர், அடிப்பக்கம்னு முதல் கழுவலுக்கு எடுங்க. அதுல உப்பு ஏறும், அதனால கடைசி அலசலுக்கு கண்டிப்பா மழத்தண்ணி வேணும், செட்டு கூரைக்கு பைப் போட்டு சம்ப்ல விடுங்க. நமக்கு மழன்னா ஐப்பசி, கார்த்திகைதான், புரட்டாசிக்குள்ள பைப் வேலைய முடிச்சிருங்க.

மீன் போட்டு அனுப்புற தெர்மாகோல் பெட்டிய சொல்லாம விட முடியாது, ஒரு தடவ போயிட்டு ஒடஞ்சு கடற்கரையில பறக்குது. டிப்போவா இதுல செய்யக்கூடியது ஒண்ணுதான், ரெகுலர் வியாபாரிங்ககிட்ட பேசி பிளாஸ்டிக் பெட்டிக்கு மாத்தி, பெட்டிக்கு டெபாசிட் வாங்கி, காலிப் பெட்டிய ரிட்டர்ன்ல நம்ம வண்டியிலயே ஏத்திக்கிட்டு வர்றது, எப்படியும் காலியாத்தான வருது வண்டி.

கண்டமான வண்டிய காயலாங்கடைக்குத் தள்ளாதீங்க. அரசு பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் சென்டருக்கே அனுப்பி, வண்டிய உடைக்க ஒப்படைச்சதுக்கான டெபாசிட் சர்டிபிகேட் வாங்குங்க. அனுப்புறதுக்கு முன்னாடி ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், நல்ல பட்டை, வீல் டிஸ்க் இதுல எத கழட்டி வச்சுக்கலாம்னு அந்த சென்டர்ல கேட்டுக்கிட்டு, கழட்டினதுக்கு வண்டி நம்பர், தேதி எழுதி டேக் கட்டி ரேக்ல வைங்க, டேக் இல்லாத சாமான ஆறு மாசத்துல எவனும் நம்பி மாட்ட மாட்டான், திரும்பக் குமியலுக்குத்தான் போகும்.