முதல் செமஸ்டர் பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் பதிவது எப்படி? சேலம் கலைக் கல்லூரிகளில் சேரும் புதியவர்களுக்கு

பிளஸ் டூ வரை பள்ளி போட்டுக் கொடுத்த டைம்டேபிளில் படித்து வந்தவர்கள், கல்லூரியில் சேரும்போதும் முதல் வாரத்திலும் கைக்கு வரும் படிவங்களைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள். மொழிப்பாடம் எது, மீடியம் எது, ஷிப்ட் எது, என்எம்இ (வேறு துறையில் எடுக்கும் விருப்பப் பாடம்) எது என்று வரிசையாகக் கேட்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர் எழுதுவதையே எழுதிக் கொடுத்துவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இவற்றில் சில, டிகிரி முடிந்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் உங்கள் கூடவே வரும்.

பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். சேர்ந்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டம் கொஞ்சம் மாறலாம். அமைப்பு ஏறக்குறைய இதேதான்.

1. முதலில் பாடத்திட்டத்தைக் கையில் எடுங்கள்

உங்கள் துறையின் சிலபஸைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலோ கல்லூரியின் தளத்திலோ இறக்கி, முதல் செமஸ்டர் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் கல்லூரி என்றால் அதில் இப்படி இருக்கும் (கிரெடிட் என்பது ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றால் கணக்கில் சேரும் புள்ளி):

- பகுதி 1, தமிழ் அல்லது வேறு மொழி: வாரம் 6 மணி, 3 கிரெடிட்
- பகுதி 2, ஆங்கிலம்: 6 மணி, 3 கிரெடிட்
- முதன்மைப் பாடம் இரண்டு: ஒவ்வொன்றும் 5 மணி, 5 கிரெடிட்
- விருப்பப் பாடம் (பழைய பெயர் அலைட்): 4 மணி, 3 கிரெடிட்
- என்எம்இ: 2 மணி, 2 கிரெடிட்
- அடிப்படைப் பாடம்: 2 மணி, 2 கிரெடிட்

மொத்தம் வாரத்துக்கு 30 மணி, 23 கிரெடிட். ஆறு செமஸ்டரும் சேர்த்து 140 கிரெடிட் வந்தால்தான் டிகிரி. இந்தப் பட்டியலில் பெரும்பகுதி துறையே முடிவு செய்துவிட்டது. நீங்கள் தேர்ந்தெடுக்கக் கிடைப்பது ஓரிரண்டு இடம்தான், யோசனையை அங்கே செலவிடுங்கள்.

2. ஷிப்டும் மீடியமும்

இவை அட்மிஷன் கவுன்சிலிங் அன்றே முடிவாகிவிடும். சில அரசுக் கல்லூரிகளில் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று இரண்டு உண்டு. ஏற்காடு மலையில் நாகலூர், வெள்ளக்கடை பக்கமிருந்து தினமும் மலையிறங்கி வருபவர்களுக்கு மதிய ஷிப்ட் சிரமம். வகுப்பு மாலை வரை போகும். அதற்குப் பிறகு ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, அங்கிருந்து ஊருக்கு இன்னொரு பேருந்தைப் பிடிக்க வேண்டும். முடிந்தவரை காலை ஷிப்ட் கேளுங்கள். மதிய ஷிப்ட்தான் கிடைக்கிறது என்றால், விடுதிக்கும் அன்றே விண்ணப்பம் கேட்டு வாங்கிவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கோரிமேட்டில் இருக்கும் அரசு மகளிர் கலைக் கல்லூரி ஏற்காடு சாலையிலேயே இருப்பது வசதி.

மீடியத்தில் ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலைகளில் 20 சதவீதம் முன்னுரிமை இருக்கிறது. டிகிரியைத் தகுதியாகக் கேட்கும் பதவி என்றால் டிகிரியையும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி எழுதும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், ‘இங்கிலீஷ் மீடியம்தான் மதிப்பு’ என்று யாரோ சொன்னதற்காகத் தமிழ் வழி இடத்தை விட்டுவிடாதீர்கள்.

3. மொழிப்பாடம்

பெரும்பாலானவர்களுக்குத் தமிழ்தான், யோசிக்க ஒன்றுமில்லை. வேறு மொழி எடுப்பவர்கள் மட்டும் கவனியுங்கள். அவர்களுக்கு என்எம்இ இடத்தில் அடிப்படைத் தமிழோ சிறப்புத் தமிழோ வரும். பள்ளியில் எந்த வகுப்பு வரை தமிழ் படித்தீர்கள் என்பதைப் பொறுத்து அது அமையும். அதனால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் காட்டியே கேளுங்கள்.

4. என்எம்இ: உங்கள் கையில் இருக்கும் தேர்வு

உங்கள் துறைக்கு வெளியே இன்னொரு துறை நடத்தும் பாடம் இது. ‘ரெண்டு கிரெடிட்தானே’ என்று அலட்சியமாக எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மூன்று வருடமும் ஒரே துறைக்குள் படிக்கப் போகிற பிள்ளைக்கு, வேறொரு வாசலைத் திறந்து பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு இதுதான். வரலாறு படிப்பவர் கணினித் துறையின் ஆரம்பநிலைப் பாடத்தை எடுக்கலாம். கணிதம் படிப்பவர் தமிழ்த் துறையில் பேச்சுக்கலை மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கலாம். தாவரவியல் துறை காளான் வளர்ப்போ தோட்டக்கலையோ நடத்தினால், வீட்டில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் சேர்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு அது நேரடியாகவே உதவும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? துறை வாரியான என்எம்இ பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், அல்லது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அதைப் பார்த்து மூன்று பாடங்களை விருப்ப வரிசையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் சிலபஸிலும் ஐந்து யூனிட் இருக்கும். ஐந்தின் தலைப்பையும் வாசியுங்கள். பாடத்தின் பெயர் கவர்ச்சியாக இருந்து உள்ளே முழுக்கக் கணக்காக இருப்பதும் உண்டு. அப்புறம் இரண்டாம் ஆண்டு அண்ணனையோ அக்காவையோ பிடித்து, ‘பாடம் எப்படிப் போகும், மெட்டீரியல் தமிழில் கிடைக்குமா’ என்று கேளுங்கள். ‘மார்க் போடுவாங்களா’ என்பதை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்.

ஒரு பாடத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்திருப்பார்கள். சில கல்லூரிகளில் முந்தி வருபவர்களுக்கே இடம். படிவம் திறக்கும் நாளையும் நேரத்தையும் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள். மலை மேல் சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர் என்றால், அன்று கல்லூரியிலோ ஏற்காடு டவுனிலோ இருந்து பதியுங்கள். பதிந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. காகிதங்கள்

டி.சி., 10, 11, 12 மார்க் ஷீட், சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம். ஒவ்வொன்றிலும் நாலைந்து ஜெராக்ஸ். பழங்குடியினர் சாதிச் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்கு நாளாகும். மலையாளி பழங்குடிக் குடும்பப் பிள்ளைகள் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

கல்லூரியில் உங்களுக்கு யுமிஸ் எண் (உயர்கல்வி மாணவர்களுக்கான அரசுத் தளத்தின் பதிவு எண்) போடுவார்கள். உதவித்தொகைக்கு அது வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அதேதான். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், ஆதார் இணைத்ததாக இருக்கட்டும்.

6. டே ஆர்டரை வைத்து வாரத்தைத் திட்டமிடுங்கள்

பல கல்லூரிகளில் டைம்டேபிளில் திங்கள், செவ்வாய் என்று இருக்காது. டே ஆர்டர் 1 முதல் 6 வரை இருக்கும். திங்கட்கிழமை டே ஆர்டர் 3 நடந்து, செவ்வாய் விடுமுறை விட்டால், புதன்கிழமை டே ஆர்டர் 4. காலையில் கிளம்பும் முன் இன்று என்ன டே ஆர்டர் என்று பார்த்துவிட்டே நோட்டை எடுத்து வையுங்கள். முதல் மாதம் இது குழப்பும், அப்புறம் பழகிவிடும்.

வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 22 நாள் வரைதான் விடுப்பு எடுக்க முடியும். பெருமழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்து நிற்கும் நாட்களும் இதற்குள்தான் அடங்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டிலேயே திருவிழா, கல்யாணம் என்று லீவைக் கரைத்துவிட்டால் அக்டோபர், நவம்பர் மழைக்கு மிச்சம் இருக்காது. பேருந்து நின்றுபோன நாளில் அன்றே வகுப்பு ஆசிரியருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள்.

7. கடைசியாக ஒரு சரிபார்ப்பு

செமஸ்டர் பாதியில் தேர்வு விண்ணப்பம் வரும். அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு குறியீடு இருக்கும். பிரிண்ட் எடுத்து வைத்த சிலபஸ் பக்கத்தோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். தவறு வருவது பெரும்பாலும் என்எம்இ குறியீட்டில்தான், ஏனென்றால் ஒரே வகுப்பில் ஆளுக்கொரு பாடம் இருக்கும். பெயரும் இனிஷியலும் பிளஸ் டூ மார்க் ஷீட்டில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏதாவது மாறியிருந்தால் கட்டணம் கட்டுவதற்கு முன்பே துறையில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு என்றால் கருப்பூரில் இருக்கும் பல்கலைக்கழகம் வரை அலைய வேண்டியிருக்கும்.