உறைபெட்டியிலும் அலமாரியிலும் உணவைச் சேமித்தலும் பெயர் எழுதி ஒட்டுதலும்

உறைபெட்டியின் வெப்பநிலை −18 டிகிரி செல்சியஸில் இருந்தால் கிருமிகள் பெருகுவது நின்றுவிடும். ஆனால் அவை அழிந்துவிடுவதில்லை என்பதால், சமைத்த உணவை 2 மணி நேரத்திற்குள் சூடு தணித்து உள்ளே வைத்துவிட வேண்டும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைவதால், குழம்பு போன்றவற்றை நிரப்பும் டப்பாவில் மேலே ஓர் அங்குல இடம் விடுவது அவசியம். பைகளில் அடைப்பதாயின் காற்றை நன்றாக வெளியேற்றிவிடுங்கள். காற்றுப் பட்ட இடத்தில் ஈரம் வற்றி, உணவு வெளுத்துச் சக்கையாகிவிடும்.

பெயர்ச்சீட்டை உணவை நிரப்புவதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும், ஏனெனில் குளிர்ந்து ஈரம் கோத்த டப்பாவில் பசை பிடிக்காது. நீரில் அழியாத மையால் உணவின் பெயர், உறையவைத்த தேதி, எத்தனை பேருக்கானது என்ற மூன்றையும் எழுதுங்கள். இவற்றுள் தேதியே முதன்மையானது என்பேன். பெயரையாவது திறந்து பார்த்து அறியலாம், தேதியை அவ்வாறு அறிய வழியில்லை. சமைத்த உணவின் சுவை பொதுவாக 2 அல்லது 3 மாதங்கள் வரை குன்றாமல் இருக்கும்.

அலமாரிக்கும் இதே முறைதான். மாவையும் தானியத்தையும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றும்போது, உறையில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியை வெட்டி டப்பாவில் ஒட்டிவிட்டு, பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்குங்கள். அடுப்புக்கு மேலுள்ள தட்டில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். அங்கு ஏறும் வெப்பமும் நீராவியும் எண்ணெயை விரைவில் சிக்கு வாடை அடிக்கச் செய்துவிடும்.