மனதில் உள்ள கேரக்டரை டி அண்ட் டி மேசைக்குக் கொண்டுவருவது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது ஆளுக்கொரு கற்பனைக் கேரக்டராக நடித்து, பகடை உருட்டி, சேர்ந்து கதையை நகர்த்தும் ஆட்டம். அதை ஆட வரும் புதியவர்கள் பலரிடம் அருமையான கேரக்டர் யோசனைகள் இருக்கும். ஆனால் கேரக்டரின் திறன்களையும் எண்களையும் குறித்துவைக்கும் தாளான கேரக்டர் ஷீட்டை நிரப்பும்போது அது மெல்ல நழுவிவிடும். நழுவாமல் பிடித்துக்கொள்வது எப்படி என்று ஒரு யோசனையை வைத்தே பார்ப்போம். நான் பின்பற்றுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை.

யோசனை இது: கடலடியில் இருக்கும் ஏதோ ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்ட கலங்கரை விளக்கக் காவலாளி.

படி 1: அவளுக்கு இப்போது என்ன வேண்டும்?

மேலே இருப்பது பழைய கதை மட்டும்தான். அதை வைத்து விளையாட முடியாது. இன்னும் கொஞ்சம் யோசியுங்கள். கடலடியில் இருப்பதன் குரல் அவள் மனதுக்குள் கேட்டது; விளக்கை அணைக்கச் சொன்னது, அணைத்தாள், ஒரு கப்பல் பாறையில் மோதி உடைந்தது. அந்தக் கப்பலில் அப்படி என்ன இருந்தது என்று தேடித்தான் ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். இந்த மூன்று வரி போதும். பத்துப் பக்கம் எழுதினால், ஆட்டத்தில் நடக்க வேண்டியதெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே முடிந்துபோகும்.

படி 2: கிளாஸ்

கிளாஸ் என்பது கேரக்டரின் தொழில் போன்றது; என்னென்ன திறன்கள் கிடைக்கும் என்பதை அதுவே தீர்மானிக்கும். ஒப்பந்தம் என்றாலே வார்லாக்தான், அதாவது ஒரு பெரும் சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெற்றவர். அந்தச் சக்தியாக, அதாவது புரவலராக, மனித அறிவுக்கு எட்டாத தொன்மையான 'கிரேட் ஓல்ட் ஒன்' எடுங்கள். முதல் லெவலிலேயே, 30 அடிக்குள் கண்ணில் படும் எவருடைய மனதுக்குள்ளும் பேசும் திறன் கிடைக்கும். கவனித்தீர்களா? தனக்குள் கேட்ட குரலைப் போலவே, இப்போது அவள் குரல் மற்றவர்களுக்குள் கேட்கிறது. யோசனையும் விதியும் இப்படி ஒன்றாகப் பொருந்தும் இடத்தைத் தேடுங்கள். எந்த கிளாஸ் அதிக சேதம் தரும் என்ற கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: எண்கள்

15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை ஆறு பண்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். வார்லாக்கின் மந்திரத்துக்கு கரிஸ்மாதான் (ஆளுமைக் கவர்ச்சி) அடிப்படை, அதனால் 15 அதற்கு. 14ஐ கான்ஸ்டிடியூஷனுக்கும் (உடல் உறுதி) 13ஐ டெக்ஸ்டெரிட்டிக்கும் (சுறுசுறுப்பு) கொடுங்கள். மனித இனம் என்றால் எல்லாவற்றிலும் 1 கூடும். கரிஸ்மா 16 ஆகிவிடும், அதன் மாடிஃபையர், அதாவது பகடை எண்ணோடு கூட்டும் மதிப்பு, +3. எவ்வளவு அடி தாங்குவாள் என்பதைக் காட்டும் ஹிட் பாயிண்ட் 10. மந்திரம் போடச் செலவழிக்கும் ஸ்பெல் ஸ்லாட் முதல் லெவலில் ஒன்றே ஒன்றுதான், ஆனால் ஒரு மணி நேர ஓய்விலேயே அது திரும்பிவிடும்.

படி 4: பின்னணி

'ஹெர்மிட்' நன்றாகப் பொருந்தும். தனிமையில் கண்டறிந்த ஒரு பெரிய ரகசியமும் அதோடு வரும். அது என்ன என்பதை நீங்களே முடிவுசெய்யாமல், ஆட்டத்தை நடத்துபவரான டன்ஜன் மாஸ்டரோடு சேர்ந்து பேசி முடிவெடுங்கள்.

படி 5: கூட்டாளி

ஆட்டம் தொடங்கும் முன் சக ஆட்டக்காரர் ஒருவரிடம் கேளுங்கள்: "அந்தக் கப்பலில் உன் கேரக்டருக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தார்களா?" அவர் ஆமாம் என்றால், விளக்கை அணைத்தது யார் என்பதை அவருடைய கேரக்டரிடம் எப்போது சொல்வது என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.